கணவர் அங்கே, மனைவி இங்கே: அமெரிக்க வாழ்க்கைத்துணை விசாவுக்குப் பயனுள்ள குறிப்புகள்

அமெரிக்கக் குடிமகனைக் கைப்பிடித்த பெண்ணோ, அமெரிக்கப் பெண்ணைக் கட்டிக்கொண்ட பையனோ, கல்யாணம் முடிந்த மறுமாதமே விமானம் ஏறிவிட முடியாது. முதலில் அங்கிருக்கும் துணை, குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸில் ஐ-130 என்ற மனுவைப் போட வேண்டும். மனு ஏற்கப்பட்டபின் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். என்விசி என்றால் எல்லோருக்கும் தெரியும். கட்டணம், வருமானத் தாள், சான்றிதழ் எல்லாம் அங்கே சரியென்று ஆன பிறகுதான் நேர்காணல். இந்தியாவில் இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் மும்பையில், இலங்கையில் இருப்பவர்களுக்குக் கொழும்பில். எல்லாம் சேர்ந்து ஓராண்டைத் தாண்டுவது சாதாரணம்.

கடைசியில் தூதரக அதிகாரி மறுத்துவிட்டால், அதை எதிர்த்து நீதிமன்றம் போக அநேகமாக வழியே இல்லை. எல் சால்வடாரைச் சேர்ந்த கணவருக்காக ஓர் அமெரிக்கப் பெண் நடத்திய முன்யோஸ் வழக்கில், வெளிநாட்டுத் துணையை நாட்டுக்குள் அழைத்துக்கொள்வது குடிமக்களின் அடிப்படை உரிமை ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூன் 21 அன்று தீர்ப்பளித்தது. ஆகவே சொல்ல வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே தாளில் சொல்லிவிட வேண்டும். உங்களை முன்பின் பார்த்திராத ஒருவர், கோப்பைப் புரட்டியே உங்கள் கல்யாணத்தை நம்ப வேண்டும். ஒரு தாள் சொல்வதை இன்னொரு தாள் மறுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

1. மதம் வேறு, நாடு வேறு என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்வதே பொருத்தம். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்துவிட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும். மூன்று சாட்சிகள் வேண்டும். இரண்டு வார லீவில் வந்து தாலி கட்டி, பதிவையும் முடித்துவிட்டுப் போகலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் கணக்குப் போட்டிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டவர் தாம் மணமாகாதவர் என்று காட்டுவதற்கு எந்தத் தாளைக் கொண்டுவர வேண்டும் என்பதையும் பதிவு அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் விமானம் ஏறிய பிறகு கேட்டால் பயனில்லை. இருவரும் இந்துக்கள் என்றால் 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமே போதும்.

2. மண்டபத்து ரசீதும் கோயில் சீட்டும் சாட்சியத்துக்கு உதவும். ஆனால் திருமணச் சான்றிதழ் என்றால் அரசுப் பதிவாளர் கொடுத்ததுதான்.

3. ஆளுக்கொரு நாட்டில் இருந்துகொண்டு வீடியோ வழியாகச் செய்த கல்யாணத்தை, அதன்பின் இருவரும் நேரில் சேர்ந்து வாழ்ந்தாலொழிய அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் கணக்கில் எடுக்காது. அவசரத்துக்கு அப்படிச் செய்தவர்கள், அதற்குப் பிறகு சந்தித்ததற்கான பயண முத்திரைகளையும் டிக்கெட்டுகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.

4. நம் ஊர்க்காரர்களுக்கு ஆகப் பெரிய தலைவலி பெயர்தான். இதற்கு மட்டும் ஒரு வாரம் ஒதுக்கினாலும் தகும். பள்ளிச் சான்றிதழில் 'மலர்விழி செ', ஆதாரில் 'செ மலர்விழி', பாஸ்போர்ட்டில் பெயர்க் கட்டத்தில் 'மலர்விழி செல்வம்', குடும்பப்பெயர்க் கட்டம் காலி. நமக்கு எல்லாம் ஒரே ஆள். அமெரிக்கக் கணினிக்கு மூன்று பேர்.

குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட்டோடு போனால், விசாவில் உங்கள் முழுப் பெயரும் குடும்பப்பெயராக ஏறிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். அதே எழுத்துகள் கிரீன் கார்டில், சோஷியல் செக்யூரிட்டி அட்டையில், ஓட்டுநர் உரிமத்தில், வங்கிக் கணக்கில் என்று பின்தொடரும். மருத்துவமனையில் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிறகு மாற்றுவது பெரும்பாடு.

ஆகவே ஐ-130 போடும் முன்பே பாஸ்போர்ட்டை மறுவழங்கலுக்குக் கொடுத்து, பெயரையும் குடும்பப்பெயரையும் இரண்டு கட்டங்களில் பிரித்து வாங்கிவிடுங்கள். அப்பா பெயரைக் குடும்பப்பெயராக வைப்பதே எளிது, ஏனெனில் மற்ற தாள்களில் இனிஷியல் அதிலிருந்துதானே வந்தது! கணவர் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சேர்க்க விருப்பமென்றால் மனுவுக்கு முன்பே சேர்த்துவிடுங்கள், அல்லது அங்கே போய்ச் சேர்ந்த பிறகு செய்யுங்கள். நடுவழியில் வேண்டாம்.

மனுவில் 'வேறு பெயர்கள்' என்று கேட்கும் இடத்தில், உங்கள் பெயர் எந்தெந்த விதமாக எந்தத் தாளில் இருக்கிறதோ அத்தனையையும் எழுதுங்கள். ஆங்கிலத்தில் 'ழ'வுக்கு ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வோர் எழுத்துக்கூட்டல் போட்டிருக்கும். அதையும் விடாதீர்கள்.

5. பிறப்புச் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள். பலருக்கு அதில் குழந்தையின் பெயரே இருக்காது. 'ஆண்' அல்லது 'பெண்' என்று மட்டும் இருக்கும். பதிவு செய்த மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி அலுவலகத்தில் பெயர் சேர்க்க விண்ணப்பியுங்கள். பிறப்பே பதிவாகவில்லை என்றால் 'பதிவு இல்லை' என்ற சான்று வாங்க வேண்டும். அதோடு பள்ளிச் சான்றிதழ், அப்பா அம்மாவோ நெருங்கிய உறவினரோ கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம் ஆகியவை சேர வேண்டும். பிறந்த கதையை நேரில் அறிந்த பெரியவர்கள் நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே இதை முடிப்பது நல்லது. பள்ளியில் சேர்த்தபோது வயதைக் கூட்டியோ குறைத்தோ போட்டிருந்தால், பிறந்த தேதி எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

6. யாருக்காவது முன்பே கல்யாணம் ஆகியிருந்தால், அது முடிந்ததற்கான நீதிமன்றத் தீர்ப்பின் முழு நகல், அல்லது இறப்புச் சான்றிதழ் தேவை. ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதி வாங்கிய தாளை நம்பி மறுமணம் செய்துகொண்டவர்கள், மனு போடுவதற்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள். முந்தைய கல்யாணம் சட்டப்படி முடியவில்லையென்றால் இந்தக் கல்யாணமே செல்லாது என்று ஆகிவிடும்.

7. கல்யாணம் உண்மையானது என்பதற்கான சாட்சியத்தை மனு போடும் நாளில் தேடக் கூடாது, நிச்சயதார்த்தத்திலிருந்தே சேர்க்க வேண்டும். ஒரு அட்டைப்பெட்டியும், கைபேசியில் ஒரு தனிப் போல்டரும் போதும்.

புகைப்படம் என்றதும் மேடையில் நின்ற ஆல்பத்தையே எல்லோரும் அனுப்புகிறார்கள். ஒரே நாளில், ஒரே பட்டுப்புடவையில் எடுத்த 200 படங்களைவிட, வெவ்வேறு மாதங்களில் வெவ்வேறு ஊர்களில் எடுத்த 20 படங்கள் அதிகம் பேசும். மாமனார் மாமியாரோடு, நண்பர்களோடு, சாப்பாட்டு மேசையில், மருத்துவமனையில் எடுத்தவையும் இருக்கட்டும். ஒவ்வொன்றின் அடியிலும் தேதி, இடம், யார் யார் என்று ஒரு வரி எழுதுங்கள். அழைப்பிதழ், மண்டப ரசீது, மொய் நோட்டின் சில பக்கங்கள் ஆகியவையும் கல்யாணம் ஊரறிய நடந்ததைக் காட்டும்.

இவற்றைவிட எடை கூடியவை பணமும் பொறுப்பும் சார்ந்த தாள்கள். ஆயுள் காப்பீட்டிலும் வருங்கால வைப்பு நிதியிலும் துணையை நாமினியாகப் போட்டது, மாதாமாதம் அனுப்பிய பணத்தின் வங்கி விவரம், கூட்டுக் கணக்கு, இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், ஒருவரைப் பார்க்க ஒருவர் வந்துபோன போர்டிங் பாஸ். வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் அச்செடுத்து மூட்டை கட்ட வேண்டாம். மாதத்துக்கு ஓரிரு பக்கம் போதும். அந்தரங்கமானவற்றை அனுப்ப வேண்டிய தேவையே இல்லை.

8. காகிதமாக அனுப்புவதைவிட இணையவழியில் மனு போடுவது சுலபம், செலவும் குறைவு. 2024 ஏப்ரல் முதல் ஐ-130க்கு இணையத்தில் 625 டாலர், தாளில் 675 டாலர். பிறகு என்விசியில் விசா விண்ணப்பத்துக்கு 325, ஆதரவு உறுதிமொழிக்கு 120. விசா கிடைத்தபின் பயணத்துக்கு முன் 235. மருத்துவப் பரிசோதனைச் செலவு தனி. கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால், கட்டுகிற அன்று அரசு இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். என்விசி கட்டணத்தை அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்ட முடியும்.

9. துணை குடியுரிமை பெற்றவரா, கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரா என்பதைப் பொறுத்துக் காத்திருப்பு மாறும். குடிமகனின் கணவன் மனைவிக்கு ஆண்டு ஒதுக்கீட்டு வரம்பு கிடையாது. கிரீன் கார்டு வைத்திருப்பவரின் துணை எஃப்2ஏ என்ற வரிசையில் நிற்க வேண்டும். மாதந்தோறும் வெளியாகும் விசா புல்லட்டினைப் பார்த்துவர வேண்டும். நடுவில் அவர் குடிமகனாகிவிட்டால் உடனே என்விசிக்குத் தெரிவியுங்கள், வரிசையிலிருந்து விலகி முன்னே போகலாம்.

10. முந்தைய மணத்தில் குழந்தை இருந்தால் கவனம். குடிமகன் மனு போடும்போது குழந்தை தாயோடு தானாக வந்துவிடாது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனி ஐ-130 வேண்டும். குழந்தைக்கு 18 வயது ஆவதற்கு முன் உங்கள் கல்யாணம் நடந்திருக்க வேண்டும். 9ஆம் குறிப்பில் சொன்னதுபோல எஃப்2ஏ வரிசையில் தாயோடு சேர்ந்திருந்த குழந்தைக்கும், அப்பா குடிமகனான அன்றே தனி மனு தேவைப்பட்டுவிடும்.

11. அங்கிருப்பவர் கல்யாணத்துக்குப் பிறகு போடும் வருமான வரிக் கணக்கில் பழைய பழக்கத்தில் 'மணமாகாதவர்' என்று நிரப்பிவிடக் கூடாது. அதே வரிக் கணக்குத்தான் பிறகு விசாக் கோப்புக்கு வரும். ஒரு கையில் திருமணச் சான்றிதழ், மறு கையில் மணமாகாதவர் என்ற கையெழுத்து. பார்க்கும் அதிகாரி எதை நம்புவார்?

12. ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழியைப் பொறுமையாகப் படித்துக் கையெழுத்திடுங்கள். மனுதாரரின் வருமானம் அரசின் வறுமைக் கோட்டில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். 2025ஆம் ஆண்டின் கணக்கில் இருவர் மட்டும் உள்ள குடும்பத்துக்கு அது ஆண்டுக்கு 26,437 டாலர். அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் மட்டும் இது கூடுதல். வேலையில் புதிதாகச் சேர்ந்தவர், படித்துக்கொண்டிருப்பவர், சொந்தத் தொழிலில் கழிவு போக வருமானம் குறைத்துக் காட்டியவர் எல்லாம் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வருமானம் போதவில்லையென்றால் சேமிப்பையும் சொத்தையும் காட்டலாம். குடிமகனின் துணைக்குப் பற்றாக்குறையின் மூன்று மடங்கு இருக்க வேண்டும். அல்லது கூட்டு ஆதரவாளர் ஒருவரைச் சேர்க்கலாம். அவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ அங்கே வசித்தால் போதும். ஆனால் 'சும்மா ஒரு கையெழுத்துதான் மாமா' என்று சொல்லி யாரையும் கையெழுத்துப் போடவைக்காதீர்கள். வந்தவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஈடான 40 காலாண்டு உழைப்பு கணக்கில் சேரும்வரை அந்தப் பொறுப்பு நீடிக்கும். விவாகரத்து ஆனாலும் தீராது. கேட்கும்போதே இதைச் சொல்லிக் கேட்பதுதான் மரியாதை.

13. சென்னையிலோ புதுச்சேரியிலோ துணையோடு வாழும் அமெரிக்கர்களுக்கு இரண்டு வேலைகள் உண்டு. வருமானம் முழுதும் இந்தியாவில் வந்தாலும் அமெரிக்க வரிக் கணக்கை ஆண்டுதோறும் போட்டிருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் மனுவுக்கு முன் ஒரு கணக்காளரைப் பிடித்துச் சரிசெய்யுங்கள். அடுத்து, துணைக்கு முன்போ அவரோடு சேர்ந்தோ தாமும் அங்கே குடிபோகப் போவதைக் காட்ட வேண்டும். வேலைக் கடிதம், வீட்டு ஒப்பந்தம், பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, அங்குள்ள வங்கிக் கணக்கு போன்றவை உதவும்.

14. என்விசியின் கடிதமெல்லாம் மின்னஞ்சலில்தான் வரும். இருவரும் பார்க்கக்கூடிய ஒரே முகவரியைக் கொடுத்து, ஸ்பாம் பெட்டியையும் வாரம் ஒருமுறை பாருங்கள். ஓராண்டு முழுவதும் எந்த நடவடிக்கையும் எடுக்காமல் விட்டால் கோப்பை மூடிவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஏதாவது தாள் கிடைக்கத் தாமதமானால் ஒரு வரியாவது எழுதி வையுங்கள்.

15. போலீஸ் சான்று இந்தியாவில் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வாங்கும் பிசிசிதான். உள்ளூர்க் காவல் நிலையத்தில் வாங்கிய கடிதம் செல்லாது. 16 வயதுக்குப் பிறகு 12 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த வேறு நாடுகளிலிருந்தும் சான்று தேவை. துபாய், குவைத், சிங்கப்பூர் என்று வேலை பார்த்தவர்கள் பலர். ஊர் திரும்பிய பிறகு அங்கிருந்து வாங்குவது சிரமம். இன்னும் அங்கேயே இருப்பவர்கள் கிளம்பும் முன் வாங்கிவிடுங்கள். இந்தியச் சான்று இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும் என்பதால் அதை மட்டும் மிக முன்னதாக வாங்க வேண்டாம்.

16. டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பம் 16 வயதிலிருந்து வசித்த முகவரிகளைக் கேட்கும். கடந்த ஐந்தாண்டின் சமூக ஊடகப் பெயர்கள், தொலைபேசி எண்கள், மின்னஞ்சல்களையும் கேட்கும். கல்லூரி விடுதி, மேன்ஷன், பிஜி எல்லாம் முகவரிதான். கணினி முன் உட்காரும் முன்பே ஒரு நோட்டில் மாதம், ஆண்டோடு எழுதிவைத்துக்கொண்டால், அதே பட்டியலைப் பார்த்து எல்லாப் படிவங்களையும் நிரப்பலாம்.

17. முன்பு சுற்றுலா விசாவோ மாணவர் விசாவோ கேட்டு மறுக்கப்பட்டிருந்தால் மறைக்காதீர்கள். அந்த விண்ணப்பம் அவர்களிடம் இருக்கிறது. மறுக்கப்பட்டது குற்றமில்லை. ஆனால் தெரிந்தே பொய் சொன்னதாக முடிவாகிவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தடை விழக்கூடும். பழைய விண்ணப்பத்தில் யாரோ ஏஜென்ட் தவறாக நிரப்பியிருந்தாலும், உண்மையை இப்போது சொல்லி விளக்கம் எழுதுங்கள்.

18. தமிழில் உள்ள சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். தமக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். முத்திரையில் உள்ள எழுத்தும் ஓரத்துக் குறிப்பும் மொழிபெயர்ப்பில் வர வேண்டும். பெயர்களைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

19. மருத்துவப் பரிசோதனையைத் தூதரகம் அங்கீகரித்த மருத்துவர்களிடம் மட்டுமே செய்ய முடியும். சென்னையிலும் இருக்கிறார்கள், இதற்காக மும்பை போய்த் தங்க வேண்டியதில்லை. பழைய தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்துப் போனால், போட்ட ஊசியையே மறுபடி போட்டுக்கொள்ளாமல் தப்பலாம்.

காசநோயைத்தான் அவர்கள் மிகக் கவனமாகப் பார்ப்பார்கள். எக்ஸ்-ரேயில் சந்தேகம் வந்தால் சளியை எடுத்துக் கிருமி வளர்ச்சிப் பரிசோதனைக்கு வைப்பார்கள். அதன் முடிவு வர எட்டு வாரம் ஆகும். முன்பு எப்போதாவது காசநோய்க்கு மருந்து சாப்பிட்டிருந்தால், அந்தச் சிகிச்சைத் தாளையும் பழைய எக்ஸ்-ரேயையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். நம் நாட்டில் இந்த நோய் வந்து குணமானவர்கள் ஏராளம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைத்தால்தான் சிக்கல். கர்ப்பமாக இருப்பவர்கள் எக்ஸ்-ரேக்கும் ஊசிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒட்டிய உறையைக் கொடுத்தால் பிரிக்காமல் அப்படியே எடுத்துப் போங்கள்.

20. புகைப்படம் 2 அங்குலச் சதுரம், வெள்ளைப் பின்னணி, ஆறு மாதத்துக்குள் எடுத்தது. 2016 நவம்பர் முதல் கண்ணாடி அணிந்த படம் செல்லாது.

21. மும்பை நேர்காணலுக்கு முன் கைரேகைப் பதிவு தனியாக நடக்கும், அதற்கும் சேர்த்து நாள் ஒதுக்கிப் போங்கள். துணைத் தூதரகம் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கிறது. கைபேசியையும் பெரிய பையையும் தங்குமிடத்திலேயே வைத்துவிடுங்கள். ஸ்கேன் செய்து ஏற்றிய தாள்கள் அத்தனையின் அசலும் கையில் இருக்கட்டும்.

கேள்விகள் பெரும்பாலும் எளியவை. எப்படிச் சந்தித்தீர்கள், கல்யாணத்துக்கு யார் வந்தார்கள், அவர் என்ன வேலை செய்கிறார், அவருக்கு முன்பு மணமானதா. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். பெற்றோர் பார்த்து முடித்த கல்யாணம் அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் வயது வித்தியாசம் அதிகம், மதம் வேறு, பழகிய காலம் குறைவு, ஒரு வீட்டார் கல்யாணத்துக்கே வரவில்லை என்றெல்லாம் இருந்தால் கேட்பார்கள். 'காதல் கல்யாணம், அப்பாவுக்குச் சம்மதம் இல்லை, அதனால் வரவில்லை' என்பது முழுமையான பதில். அதை மூடி மறைக்கப் போய்த்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

22. நேர்காணல் முடிவில் 221(ஜி) என்று குறிப்பிட்ட தாளைக் கொடுத்தால் கதை முடிந்தது என்று அழ வேண்டாம். இன்னும் ஏதோ ஒரு தாள் தேவை, அல்லது கூடுதல் சரிபார்ப்பு நடக்கிறது என்று பொருள். தாளில் கேட்டதைக் கேட்ட விதத்தில் அனுப்புங்கள். விசா கையில் வரும்வரை வேலையை விடுவதோ, விமான டிக்கெட் எடுப்பதோ, வீட்டைக் காலி செய்வதோ கூடாது.

23. காத்திருக்கும் காலத்தில் கல்யாணத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நியூயார்க்குக்கும் நமக்கும் கோடையில் 9½ மணி நேரம், குளிரில் 10½ மணி நேரம் வித்தியாசம். மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். நம் காலைக் காப்பி அவர்களுடைய இரவு உணவு நேரம். தினமும் அந்த அரை மணி நேரத்தை விசாப் பேச்சு இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். தாள், கட்டணம் பற்றிப் பேச வாரத்தில் ஒரு நாள் தனியாக ஒதுக்குங்கள். வீட்டுப் பெரியவர்களும் 'இன்னும் விசா வரலையாம்மா?' என்று கேட்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். அந்தப் பெண்ணிடம் அதற்குப் பதில் இல்லை.

மனு நிலுவையில் இருக்கும்போது சுற்றுலா விசா கேட்பவருக்கு மறுப்பு வரவே வாய்ப்பு அதிகம். அங்கிருப்பவர் இங்கே வந்துபோவதுதான் நடைமுறை. அதற்கு வசதியான ஓசிஐ அட்டையை வெளிநாட்டுத் துணை கேட்க, பதிவான கல்யாணம் இரண்டாண்டு நீடித்திருக்க வேண்டும்.

24. ஐ-130க்குப் பணம் கட்டி வேகப்படுத்தும் திட்டம் கிடையாது. 'உள்ளே ஆள் இருக்கிறது' என்பவரை நம்பாதீர்கள். உயிருக்கு ஆபத்தான நோய் போன்ற அவசரம் என்றால், ஆதாரத்தோடு நீங்களே விரைவுக் கோரிக்கை வைக்கலாம். உண்மையான அரசுத் தளங்களின் முகவரி 'டாட் கவ்' என்று முடியும். கோப்பில் குற்ற வழக்கு, பழைய நாடு கடத்தல், காலாவதியாகியும் தங்கியது இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் செலவைப் பார்க்காமல் உரிமம் பெற்ற குடியேற்ற வழக்கறிஞரிடம் போங்கள்.

25. ஒரே பாலினத் தம்பதியரின் மனுவையும் 2013ஆம் ஆண்டின் வின்ட்சர் தீர்ப்புக்குப் பிறகு அமெரிக்கா ஏற்கிறது. இந்தியாவில் அத்தகைய கல்யாணத்தைப் பதிய முடியாது என்பதால், அதை ஏற்கும் நாட்டில் மணந்துகொண்டு வர வேண்டும்.

26. அனுப்பிவைக்கும் பெற்றோரும், போகிற பெண்ணும் இதை அவசியம் படியுங்கள். பாஸ்போர்ட், கிரீன் கார்டு, திருமணச் சான்றிதழ் மூன்றும் அவரவர் கையில்தான் இருக்க வேண்டும். ஸ்கேன் நகல் ஒன்றை அம்மாவிடம் கொடுத்துவையுங்கள். 'சொன்னபடி கேட்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன்' என்று கணவரோ மாமியாரோ மிரட்டினால் நம்ப வேண்டாம். கிரீன் கார்டைப் பறிக்கும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. கொடுமைக்கு ஆளானவர் தனியாகவே மனு போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. அங்கே குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் 1-800-799-7233. கூப்பிட்டு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம். புறப்படும் முன்பே மனப்பாடம் செய்யுங்கள்.

27. விசாவின் ஆயுள் அதிகபட்சம் ஆறு மாதம். அதற்குள் அமெரிக்காவில் நுழைய வேண்டும். நுழையும் நாளில் கல்யாணமாகி இரண்டாண்டு முடியாதிருந்தால் இரண்டாண்டு கிரீன் கார்டு, முடிந்திருந்தால் பத்தாண்டு கார்டு. இரண்டாம் ஆண்டு நிறைவுக்குச் சில நாள்தான் இருக்கிறது, விசாவுக்கும் நாள் இருக்கிறது என்றால், அது கழிந்து பயணம் செய்யுங்கள். விமான நிலைய அதிகாரியிடம் திருமணச் சான்றிதழைக் காட்டிச் சொல்லுங்கள். பிறகு எவ்வளவோ அலைச்சல் மிச்சம்.

28. சீர் நகைகளை எடுத்துப் போகிறவர்கள், புறப்படும் விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கினால், விடுமுறையில் அவற்றை அணிந்து திரும்பும்போது தகராறு வராது. 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் இருந்தால் அங்கே அறிவிக்க வேண்டும். பச்சைக் கறிவேப்பிலைக்கு அனுமதியில்லை. எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் பூச்சி அதில் வரும் என்பதால் பிடுங்கிவிடுவார்கள். மாம்பழமும் கருவாட்டுப் பொட்டலமும் இங்கேயே இருக்கட்டும். சாப்பிடும் மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

29. அங்குள்ள வீட்டின் தபால் பெட்டியில் புதிதாக வருபவரின் பெயரையும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். பெயர் இல்லாத பெட்டியில் கிரீன் கார்டைப் போடாமல் திருப்பிவிடக்கூடும். அதுவரை பாஸ்போர்ட்டில் முத்திரையிட்ட விசாவே ஓராண்டுக்குக் கிரீன் கார்டாகச் செல்லும், வேலைக்கும் சேரலாம். வீடு மாறினால் 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு முகவரியைத் தெரிவிக்க வேண்டும்.

30. இரண்டாண்டு கார்டு வாங்கியவர்கள், அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 மனுவைப் போட வேண்டும். காலாவதி தேதியைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். சேர்ந்து வாழ்ந்ததற்கான தாள்களை அங்கேயும் தொடர்ந்து சேர்த்துவாருங்கள். வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு, காப்பீடு, குழந்தை பிறந்தால் அதன் பிறப்புச் சான்றிதழ். இடையில் விவாகரத்தோ கொடுமையோ நேர்ந்தால் துணையின் கையெழுத்து இல்லாமல் தனியாகவும் இந்த மனுவைப் போடலாம். குடிமகனான துணையோடு சேர்ந்து வாழ்பவர், கிரீன் கார்டு பெற்று மூன்றாண்டு முடிந்ததும் குடியுரிமை கேட்கலாம். அந்த நாளுக்கு 90 நாள் முன்பிருந்தே விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்வார்கள்.